சொல்லாவிட்டால் எந்த எழுத்து?

இயற்பியல் தேர்வில் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, விடையாக வெறுமனே 5 என்று எழுதி வைத்தால் ஆசிரியர் என்ன செய்வார்? அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் "அலகு எங்கே?" என்று எழுதுவார். 5 மீட்டரா, 5 விநாடியா, 5 நியூட்டனா? நமக்குக் கோபம்தான் வரும். "விடை சரிதானே சார், அலகைத்தானே விட்டேன்" என்று வாதாடிப் பார்ப்போம்.

1999 செப்டம்பரில், செவ்வாயை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்று இப்படிப்பட்ட அலகுக் குழப்பத்தால்தான் அழிந்து போயிற்று. பூமியில் இருந்த ஒரு புரோகிராம், கலத்தின் உந்துகைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. அதை வாங்கிக்கொண்ட இன்னொரு புரோகிராம், அது நியூட்டன் அலகு என்றே எடுத்துக்கொண்டது. எண்ணில் தவறில்லை. அது எந்த அலகில் உள்ள எண் என்பதில்தான் இரண்டுக்கும் இரண்டு நினைப்பு.

விண்கலக் கதை போகட்டும். நான் சொல்ல வந்தது எழுத்தைப் பற்றி. நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் எழுத்தும் கணிப்பொறிக்குள் எண்ணாகத்தான் உலவுகிறது. பல சமயங்களில் அலகு போடாத எண்ணாக உலவுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்கான ஓர் அறிவியல் போட்டியில் நானும் உதவிக்குப் போயிருந்தேன். கலந்துகொண்டவர்களின் பெயர்களைத் தமிழிலேயே தட்டச்சு செய்து, ஒரு பட்டியலாக்கி, சான்றிதழ் அச்சடிக்க அனுப்பினோம். பரிசளிப்பு நாளன்று காலையில் கட்டுப் பிரித்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கேள்விக்குறிகள்! பெரியவர்களாகிய நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி (கண்மணி என்று வைத்துக்கொள்வோம்) தன் சான்றிதழையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "சார், என் பெயரில் நாலு எழுத்துதானே இருக்கிறது? ஏன் ஆறு கேள்விக்குறி வந்திருக்கிறது?"

அன்று அங்கே கேட்கப்பட்ட ஒரே அறிவியல் கேள்வி அதுதான். அதற்கு விடை சொல்லும் முன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

எண்ணுக்குள் எழுத்து

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. 0 முதல் 255 வரை எண்ணைத் தாங்கும் சிறு பெட்டிகள்தான் அதற்குத் தெரியும். ஒரு பெட்டிக்குப் பைட் என்று பெயர். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டையே குறியேற்றம் என்கிறோம்.

1963-ல் அமெரிக்காவில் ஆஸ்கி என்ற ஏற்பாடு வந்தது. அதில் 128 எண்கள். ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65. ஆங்கிலத்துக்கு 128 தாராளமாகப் போதும். பிரெஞ்சுக்காரருக்கும் ஜெர்மானியருக்கும் போதவில்லை. அவர்கள் எழுத்துக்கு மேல் கோடும் புள்ளியும் வைப்பவர்கள். பைட்டில் 128-லிருந்து 255 வரை மீதி இடம் சும்மாதானே கிடக்கிறது? அங்கே மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளைக் குடியேற்றி, 1987-ல் ஒரு சர்வதேசத் தரம் வெளியிட்டார்கள். அதற்கு லத்தீன்-1 என்று செல்லப் பெயர்.

சும்மா கிடந்த அதே இடத்தை மற்றவர்களும் பார்த்தார்கள். ரஷ்யர்கள் அங்கே தங்கள் எழுத்தை வைத்தார்கள், அதுவும் ஒரு முறையில் அல்ல, பல முறைகளில். ஜப்பானியருக்கு ஒரு பைட் போதாததால் இரண்டிரண்டாகச் சேர்த்தார்கள்; அதிலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்று முறைகள். ஒரு முறையில் எழுதியதை இன்னொரு முறையில் படித்தால் வரும் குப்பைக்கு ஜப்பானிய மொழியில் 'மோஜிபாக்கே' என்று தனிச் சொல்லே இருக்கிறது என்றால், அவர்கள் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ளுங்கள்.

தமிழின் கதை இதைவிடச் சுவையானது. டிஸ்கி என்று ஒரு முறை. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டேப், டேம் என்று இரண்டு. செய்தித்தாள்கள் ஒவ்வொன்றும் தன் இணையப் பக்கத்துக்கென்று தனித் தனியாக வைத்துக்கொண்டவை வேறு. பாமினி என்ற எழுத்துரு பரவலாகப் புழங்கியது. அதில் 'அ' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே கணிப்பொறி சேமித்தது 109 என்ற எண்ணைத்தான். அது ஆங்கிலச் சின்ன 'எம்' எழுத்தின் எண்! எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் மறைந்து ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். அதாவது, கணிப்பொறியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. வேடம் போட்ட ஆங்கிலம்தான் இருந்தது.

இந்தக் கலவரத்துக்கு முடிவு கட்டவே, உலகத்து எழுத்துகள் அனைத்துக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கும் யூனிகோடு வந்தது. அதன் முதல் பதிப்பு 1991 அக்டோபரில் வெளியானது. தமிழ் அதிலேயே இருந்தது. 'அ'-வுக்கு 2949. இந்த எண் உலகில் வேறு எந்த எழுத்துக்கும் கிடையாது.

ஆனால் 2949 என்ற எண் ஒரு பைட்டுக்குள் அடங்காதே? அதற்கு ஒரு வழி வேண்டும். 1992 செப்டம்பரில் கென் தாம்சன், ராப் பைக் என்ற இரு பெல் ஆய்வுக்கூட அறிஞர்கள் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பற்றிப் பேசினார்கள். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்திலேயே தாம்சன் அந்த வழியை எழுதிக் காட்டினார். அதுதான் யூடிஎஃப்-8. நம் நாட்டில் இலையில் சாப்பிடுகிறோம், எழுத முடியாது.

பென்சிலை எடுங்கள், 'அ'-வை நாமே போட்டுப் பார்ப்போம். 2949-ஐ இரும எண்ணாக எழுதினால் 101110000101. அதற்கு முன்னால் நான்கு சுழிகள் சேர்த்து 16 இலக்கமாக்கி, 4, 6, 6 என்று மூன்று துண்டாக நறுக்குங்கள்: 0000, 101110, 000101. முதல் துண்டுக்கு முன் 1110 என்று ஒட்டுங்கள். மற்ற இரண்டுக்கும் முன் 10 என்று ஒட்டுங்கள். கிடைப்பவை 11100000, 10101110, 10000101. பத்தடிமானத்தில் சொன்னால் 224, 174, 133. 'அ' என்பது இந்த மூன்று பைட்டுகள்.

முன்னால் ஒட்டினோமே, அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1110 என்பது ரயில் இன்ஜின் போல: "என் பின்னால் இரண்டு பெட்டிகள் வருகின்றன" என்று அறிவிக்கிறது. 10 என்பது பெட்டி: "நான் தனியாக வரமாட்டேன்" என்கிறது. இன்ஜின் இல்லாமல் பெட்டி வந்தாலோ, இரண்டு பெட்டி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தாலோ, இது யூடிஎஃப்-8 அல்ல என்று உடனே தெரிந்துவிடும். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதமே இதன் மேல்தான் நிற்கப் போகிறது. இன்னொரு குணம்: ஆஸ்கியின் 128 எழுத்துகள் யூடிஎஃப்-8-லும் அதே எண்களோடு, ஒரே பைட்டில் இருக்கின்றன.

இப்போது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகளை, லத்தீன்-1 என்றே நினைத்துக்கொண்டு ஒரு பிரௌசர் படித்தால் என்ன காட்டும்? தலையில் சாய்வுக் கோடு போட்ட சின்ன 'ஏ' ஒன்று, வட்டத்துக்குள் 'ஆர்' ஒன்று, மூன்று புள்ளிகள். தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் யூடிஎஃப்-8-ல் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. அதனால்தான் சிதைந்த தமிழ்ப் பக்கங்களில் அந்தக் கோடு போட்ட 'ஏ'-வும் வட்டத்து 'ஆர்'-உம் திரும்பத் திரும்ப வருகின்றன. நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள்.

காபி என்று சொன்னால்

நம் ஓட்டல்களில் "ஒரு காபி" என்று மட்டும் சொல்லுங்கள். சர்க்கரை போட்டுத்தான் வரும். வேண்டாதவர்தான் "சர்க்கரை இல்லாமல்" என்று வாயைத் திறக்க வேண்டும். சொல்லாதவருக்கு எது என்று முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவு இது. புரோகிராம் எழுதுவோர் இதை டிஃபால்ட் என்பார்கள்.

இணையத்தில் ஒரு சர்வர் எதை அனுப்பினாலும், அதற்கு முன்னால் ஒரு வரியில் அது என்ன வகை என்று சொல்லி அனுப்புகிறது. 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்; சார்செட்=யூடிஎஃப்-8' என்பது போல. முன்பாதி வகையைச் சொல்கிறது: இது இணையப் பக்கம், இது வெறும் உரை, இது படம் என்று. பின்பாதிதான் குறியேற்றம். நம் ஆசிரியர் கேட்ட அலகு அதுதான். படத்துக்கு அது தேவையில்லை. உரைக்கு அவசியம் தேவை. ஆனால் பின்பாதியை எழுத மறந்துவிடுகிறார்கள். அப்போது பெறும் புரோகிராம் என்ன நினைத்துக்கொள்ள வேண்டும்? அதாவது, காபிக்குச் சர்க்கரை உண்டா இல்லையா?

இதற்கு வெளியான விதிகளைப் படித்தால் சிரிப்பு வரும். வெறும் உரையாக இருந்து, குறியேற்றம் சொல்லப்படாவிட்டால், ஆஸ்கி என்று கொள்க என்றது மின்னஞ்சலுக்கான 1996-ம் ஆண்டு விதி. அதே உரை வலை வழியாக வந்தால் லத்தீன்-1 என்று கொள்க என்றது 1999-ம் ஆண்டு விதி. ஒரே கோப்பு, தபாலில் போனால் ஒரு ஜாதகம், வலையில் போனால் இன்னொரு ஜாதகம்! எக்ஸ்எம்எல் என்ற வகையில், கோப்பின் முதல் வரியிலேயே "நான் இன்ன குறியேற்றம்" என்று எழுதி வைக்கலாம். ஆனால் அது 'டெக்ஸ்ட்' குடும்பப் பெயரோடு, குறியேற்றம் சொல்லாமல் வந்தால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் பொருட்படுத்தாதே, ஆஸ்கி என்றே கொள் என்றது 2001-ம் ஆண்டு விதி. டப்பாவுக்குள்ளேயே "உப்பு" என்று சீட்டு இருக்கிறது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு "சர்க்கரை" என்று நினைத்துக்கொள் என்பது போல. நல்ல வேளையாகப் பல புரோகிராம்கள் இந்த விதியை மதிக்கவில்லை. சட்டத்தை மீறியவர்கள் நல்லவர்களாக இருந்த அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

லத்தீன்-1-ஐத் தேர்ந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வலை பிறந்தது ஸ்விட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில். 1989-லிருந்து 1991 வரையான அந்த ஆண்டுகளில் யூடிஎஃப்-8 என்பதே கிடையாது. பிரெஞ்சும் ஜெர்மனும் ஆங்கிலமும் பேசும் விஞ்ஞானிகளுக்கு லத்தீன்-1 பொருத்தமான சட்டை. ஆனால் அந்தச் சட்டையையே உலகம் முழுவதற்கும் சீருடையாக்கி, அது பொருந்தாத பிறகும் கழற்றாமல் வைத்திருந்ததுதான் தவறு. வலையின் அந்த விதி 2014-ல்தான் நீக்கப்பட்டது. அதே ஆண்டில் எக்ஸ்எம்எல் விதியும் திருத்தப்பட்டது. பட்டியல்களை அனுப்பப் பயன்படும் சிஎஸ்வி வகைக்கும் டிஃபால்ட் யூடிஎஃப்-8 என்று மாற்றப்பட்டது அந்த ஆண்டில்தான். புரோகிராம்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் ஜேசான் வகைக்கு, 2017-ம் ஆண்டு விதி இன்னும் ஒரு படி மேலே போய், பொதுவெளியில் பரிமாறினால் யூடிஎஃப்-8 தவிர வேறு எதுவும் கூடாது என்று கண்டிப்பாகவே சொல்லிவிட்டது.

விதி மாறினால் போதுமா? விதி காகிதத்தில் இருக்கிறது. டிஃபால்ட் புரோகிராமின் வரிகளுக்குள் இருக்கிறது. 2014-ல் விதி போய்விட்ட பிறகும், பைத்தான் மொழியில் மிகப் பரவலாகப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் என்ற கருவித் தொகுப்பு, உரை வகைக்குக் குறியேற்றம் சொல்லப்படாவிட்டால் லத்தீன்-1 என்று நினைத்துக்கொள்ளும் பழைய வழக்கத்தைத் தொடர்ந்தது. மைஎஸ்கியூஎல் என்ற தகவல் தளம் 2018-ல் வந்த 8.0 பதிப்பு வரை லத்தீன்-1-ஐயே டிஃபால்ட்டாக வைத்திருந்தது. எழுத்துகளை வரிசைப்படுத்துவதிலோ ஸ்வீடிஷ் மொழி முறைதான் அதற்கு டிஃபால்ட். காரணம் வேறொன்றுமில்லை, அதை உருவாக்கிய நிறுவனம் ஸ்வீடனில் இருந்தது! ஜாவா மொழியோ, "இந்தக் கணிப்பொறியில் எது வழக்கமோ அதுவே" என்று விட்டிருந்தது. அதனால் ஒரே புரோகிராம் ஒரு கணிப்பொறியில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் ஓடியது. 2022 மார்ச்சில் வந்த 18-ம் பதிப்பில்தான் எங்கும் யூடிஎஃப்-8 என்று ஆயிற்று.

இன்று வலையில் உள்ள தளங்களில் 98 சதவீதத்துக்கும் மேல் யூடிஎஃப்-8 என்கிறார்கள். அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே, ஏன் இத்தனை பேச்சு என்று கேட்பீர்கள். கண்மணியைக் கேளுங்கள்.

செய்தவர் கண்ணுக்குத் தெரியாத தவறு

ஆஸ்கியின் 128 எழுத்துகள் எல்லா முறைகளிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று பார்த்தோம். இதன் விளைவு என்ன தெரியுமா? ஆங்கிலத்தில் மட்டும் எழுதிச் சோதித்துப் பார்க்கிற ஒருவருக்கு, தவறான டிஃபால்ட்டும் சரியான டிஃபால்ட்டும் ஒரே விடையைத்தான் தரும். அவர் ஆயிரம் முறை சோதித்தாலும் தவறு வெளிப்படாது. ஒரு தராசு கடைக்காரருக்கு மட்டும் எப்போதும் சரியாகக் காட்டி, வாங்குபவருக்கு மட்டும் தப்பாகக் காட்டினால் எப்படி இருக்கும்? கடைக்காரர் நேர்மையானவர்தான். "என் தராசு சரியாகத்தான் இருக்கிறது" என்று மனமறிந்து சத்தியம் செய்வார்.

ஆகவே, டிஃபால்ட் என்பது வெறும் தொழில்நுட்பச் சௌகரியம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அறையில் இல்லாதவர்களுக்காக, அறையில் இருப்பவர்கள் எடுக்கும் முடிவு அது. தமிழில் சொன்னாலும் சரி, தாய் மொழியிலோ அம்ஹாரிக்கிலோ சொன்னாலும் சரி, விலை கொடுப்பவர் அங்கே இல்லாதவர்தான்.

கண்மணியின் ஆறு கேள்விக்குறிகளுக்கு இப்போது வருவோம். யூனிகோடில் 'கண்மணி' என்பது ஆறு எண்கள்: க, ண, புள்ளி, ம, ண, இகரக் கொக்கி. 'ண்' என்பதில் ணகரமும் புள்ளியும் தனித்தனி. 'ணி' என்பதில் ணகரமும் கொக்கியும் தனித்தனி. நாலு எழுத்து ஆறானது அப்படித்தான். இனி துப்பறியலாம். ஆறு கேள்விக்குறி வந்திருக்கிறது என்றால், படித்த இடத்தில் புரோகிராம் பெயரைச் சரியாகப் படித்து, ஆறு யூனிகோடு எழுத்துகள் என்று புரிந்துகொண்டுவிட்டது. பிறகு வெளியே எழுதும் இடத்தில்தான், ஆஸ்கியோ லத்தீன்-1-ஓ டிஃபால்ட்டாக இருந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 'க' இல்லை. இல்லாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அது தன் வேலையைத் தொடர்ந்திருக்கிறது.

இந்த மௌனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. கோடு போட்ட 'ஏ'-வும் வட்டத்து 'ஆர்'-உமாகச் சிதைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அங்கே பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. தப்பான கண்ணாடி போட்டுப் பார்த்தோம், அவ்வளவுதான். கண்ணாடியை மாற்றினால் தமிழ் திரும்பிவிடும். கேள்விக்குறி அப்படி அல்ல. கேள்விக்குறியின் எண் 63. ஆறு 63-களிலிருந்து 'கண்மணி'யை எந்த மேதையாலும் மீட்க முடியாது. முதலில் சொன்னது மடித்துப் போன காகிதம். இது எரிந்துபோன காகிதம்.

அப்படியானால் எதை வைப்பது?

நாளை உங்களில் சிலர் புரோகிராம் எழுதப் போகிறீர்கள். சிலர் இப்போதே எழுதுகிறீர்கள். எனவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மறுக்கத் தோன்றினால் மறுத்துப் பாருங்கள்.

வெளியே எழுதும்போது டிஃபால்ட்டை நம்பவே கூடாது. யூடிஎஃப்-8-ல் எழுதி, யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். வகை வரியில் சொல்ல இடமிருந்தால் அங்கே. எச்டிஎம்எல் பக்கமானால் உள்ளேயும், முதல் 1024 பைட்டுகளுக்குள். (உள்ளே இருக்கும் சீட்டைப் படிக்கவே குறியேற்றம் தெரிய வேண்டுமே என்று சிலர் புத்திசாலித்தனமாகக் கேட்பீர்கள். சீட்டு முழுவதும் ஆஸ்கி எழுத்தில் இருப்பதால்தான் தப்பிக்கிறோம்.) சிஎஸ்வி பட்டியலில் உள்ளே சீட்டு வைக்க இடமில்லை. அதனால் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைக் கோப்பின் தலையில் வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அட்டவணைச் செயலிகள் பலவும் அதைப் பார்த்துத்தான் இது யூடிஎஃப்-8 என்று அறிகின்றன. அழகான ஏற்பாடு அல்ல. ஆனால் வேலை செய்கிறது.

உள்ளே படிக்கும்போதுதான் சிக்கல். அனுப்பியவர் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடி. சொல்லாவிட்டால், அந்த வகைக்கே உரிய விதி என்ன என்று பார்க்க வேண்டும். எல்லா வகைக்கும் ஒரே சட்டம் போடும் புரோகிராம்தான் ஜேசானைக்கூட லத்தீன்-1 என்று நினைத்துக் கெடுக்கிறது. எக்ஸ்எம்எல் தன் சீட்டைத் தானே வைத்திருக்கும், எடுத்துப் படியுங்கள். எதுவும் இல்லாத அநாதை, வெறும் உரைதான். அதற்கு யூடிஎஃப்-8 என்று கொள்ளுங்கள், ஆனால் கண்டிப்பாகக் கொள்ளுங்கள். இன்ஜினும் பெட்டியும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பைட்டையும் பார்த்து, ஒன்று பிசகினாலும் "இது யூடிஎஃப்-8 அல்ல" என்று குரல் கொடுக்க வேண்டும்.

யூடிஎஃப்-8-ஐ நான் டிஃபால்ட்டாகச் சொல்வதற்குக் காரணம், அதில் தமிழ் இருக்கிறது என்பது மட்டுமல்ல. தப்பாக ஊகித்தால் அது நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் முக்கியம். 'கஃபே' என்ற பிரெஞ்சுச் சொல்லின் கடைசி எழுத்து லத்தீன்-1-ல் 233. இரும எண்ணில் 11101001. யூடிஎஃப்-8 கண்ணோடு பார்த்தால் இது ஓர் இன்ஜின். பின்னால் இரண்டு பெட்டிகள் வர வேண்டும். வருவதோ ஓர் இடைவெளி, எண் 32. உடனே பிடிபட்டுவிடும். மறுபுறம் லத்தீன்-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எந்தப் பைட்டைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். இல்லை என்றே சொல்லத் தெரியாது. தப்பை ஒப்புக்கொள்ளத் தெரியாத ஒன்றை டிஃபால்ட்டாக வைக்கலாமா?

"பழைய கோப்புகள் எல்லாம் வீணாகிவிடுமே" என்பது எதிர்த்தரப்பின் வாதம். நியாயமான வாதம்தான். 1990-களில் எழுதப்பட்டு, குறியேற்றம் சொல்லாமலே நிற்கும் பக்கங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றுக்காகவே இன்றைய பிரௌசர்கள், எதுவும் சொல்லாத எச்டிஎம்எல் பக்கத்தை மேற்கு நாடுகளில் லத்தீன்-1-இன் உறவுக்காரனான விண்டோஸ்-1252 என்றே கொள்கின்றன. இன்னும் வேடிக்கை, ஒரு பக்கம் தன்னை லத்தீன்-1 என்று சொல்லிக்கொண்டாலும் அவை விண்டோஸ்-1252 என்றுதான் படிக்கின்றன. ஏனென்றால் அப்படிச் சொல்லிக்கொண்ட பலரும் உண்மையில் அதில்தான் எழுதினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னதால் அது கடைசியில் தரமாகிவிட்டது! பிரௌசருக்கு இது சரி. அது அருங்காட்சியகத்தையும் திறந்து வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இன்று புதிதாக எழுதப்படும் ஒரு புரோகிராமுக்கு அந்தக் கடமை கிடையாது.

நம் பழைய தமிழ்ப் பக்கங்களுக்கும் இதே கதிதான். டிஸ்கிப் பக்கங்கள் பல தம்மை 'பயனர் வரையறுத்தது' என்று மட்டும் அறிவித்துக்கொண்டன. அவற்றைப் படிக்கும் புரோகிராம் எழுதுவோருக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: யூடிஎஃப்-8 என்று படித்துப் பார்த்துத் தோற்றால், கேள்விக்குறி போட்டு மூடிவிடாதீர்கள். மூலப் பைட்டுகளை அப்படியே பத்திரப்படுத்துங்கள். பின்னால் வருபவர் கண்ணாடியை மாற்றிப் பார்த்துக்கொள்வார்.

அனுப்பியவர் சொல்லாவிட்டால் என்ன, உள்ளடக்கத்தை முகர்ந்து பார்த்து எந்தக் குறியேற்றம் என்று புரோகிராமே ஊகிக்கலாமே என்று ஒரு யோசனை உண்டு. கேட்கப் புத்திசாலித்தனமாக இருக்கும். 2000-களில் ஒரு பிரௌசர் அப்படி முகர்ந்து பார்த்து, யூடிஎஃப்-7 என்ற அரிய முறையாக இருக்கலாம் என்று ஊகிக்கும் வழக்கம் வைத்திருந்தது. அதைத் தெரிந்துகொண்ட விஷமிகள், பார்வைக்குச் சாதுவான எழுத்துகளுக்குள் விஷம நிரலை ஒளித்து அனுப்பினார்கள். பிரௌசர் அதை ஊகித்து, விரித்து, இயக்கியும் வைத்தது. இன்று எச்டிஎம்எல் தரம் யூடிஎஃப்-7-க்குத் தடையே போட்டிருக்கிறது.

இன்னொரு முணுமுணுப்பும் காதில் விழுகிறது: ஆங்கிலத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மட்டும் மூன்றா? இது ஓரவஞ்சனை அல்லவா? தமிழக அரசு 2010-ல் யூனிகோடோடு சேர்த்து, 16 பிட்டில் அமைந்த டேஸ் என்ற முறையையும் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னால் இது போன்ற மனக்குறைகளும் இருந்தன. குறை பொய்யல்ல. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 30 லட்சம் பைட்டுகள் வரும். அந்த இடத்தில் தமிழில் 10 லட்சம் யூனிகோடு எழுத்துகளை வைக்கலாம். ஒரு பாட்டியின் பிறந்தநாள் படத்துக்கு ஆகும் இடத்தில் சில தடித்த புத்தகங்கள்! மூன்று பைட்டுக்காக அழுவதைவிட, அந்த மூன்று பைட்டும் கெடாமல் போய்ச் சேருகின்றனவா என்று கவலைப்படுவது மேல்.

பரிசளிப்பு நாளன்று மறுபடி அச்சடிக்க நேரமில்லை. பள்ளியின் தமிழாசிரியர் கையெழுத்து அழகாக இருக்கும் என்றார்கள். அவர் ஒவ்வொரு சான்றிதழிலும் கேள்விக்குறிகளின் மேல் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி, பெயர்களைக் கறுப்பு மையில் எழுதிக் கொடுத்தார். கண்மணி மட்டும் தன்னுடையதில் காகிதம் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேள்விக்குறிகளுக்குக் கீழேயே பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள்.

போகும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். அதற்கான விடையை அவளே மறுநாள் கண்டுபிடித்து வந்து சொன்னாள் என்பதால், உங்களிடமும் விட்டுவிடுகிறேன். சான்றிதழில் ஆறுக்குப் பதிலாகப் பதினெட்டுக் கேள்விக்குறிகள் வந்திருந்தால், தவறு எந்த இடத்தில் நடந்திருக்கும்?